பகலில் பிழையில்லாத மெஷின்: கந்தப்பளை வீடொன்றின் ஹீட்டிங் கோளாறு

ஏ.சி. வேலைக்காரர்கள் பகலில்தான் வீடுகளுக்குப் போவோம். இந்த மெஷின் பழுதாவதோ விடியற்காலை மூன்று மணிக்கு. ஏழு மணிக்கு வெயில் பட்டதும் தானாகவே சரியாகிவிடும். பத்து மணிக்கு டூல் பையோடு போய் நின்றால் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பேர் வந்து பார்த்தும் கோளாறு பிடிபடவில்லை. அந்த இரண்டு பேரில் முதல் ஆள் நான்தான்.

வீடு நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை போகும் பாதையில், லீக்ஸும் கெரட்டும் போட்ட தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. பழைய கட்டிடம். உயரமான பலகை சீலிங், ஹோலில் கல் வைத்துக் கட்டிய நெருப்படுப்பு, மேலே புகைபோக்கி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டீமேக்கர், தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொண்டவர். வேலையை விட்டுப் பல வருடமாகியும் ஊரில் அவருக்கு டீமேக்கர் ஐயா என்றுதான் பெயர். அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. பனிக்காலத்தில் படுக்கை அறைக்குள் கரிச்சட்டி வைத்துப் படுப்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் விடியும்போது இரண்டு பேருக்கும் தலைசுற்றி வாந்தி வந்திருக்கிறது. அது கரிப்புகையிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று வைத்தியர் சொன்ன பிறகு, கொழும்பில் இருக்கும் மகன் இந்த மெஷினை வாங்கிப் பூட்டிக் கொடுத்தார்.

12,000 பிடியு இன்வர்ட்டர் ஸ்ப்ளிட். சூடு, குளிர் இரண்டும் தரும் வகை. சூட்டைச் சுமந்துகொண்டு குழாயில் சுற்றும் கேஸ் ஆர்-410ஏ, வெளி யூனிட்டின் பெயர்த்தகட்டில் 980 கிராம் என்று இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் குழாய் நாலரை மீட்டர்தான், அதனால் கூடுதலாகக் கேஸ் ஏற்றத் தேவையில்லை. பூட்டி இது இரண்டாவது பனிக்காலம். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை.

இந்த வகை மெஷின் கரண்டை எரித்துச் சூடு உண்டாக்குவதில்லை. வெளியில் இருக்கும் குளிர்காற்றிலிருந்தே சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. வெளி யூனிட்டில் கேஸ் ஓடும் வளைகுழாய்க்குக் காயில் என்று பெயர். அந்த வெளிக் காயில், காற்றைவிடக் குளிராக இருந்தால்தான் காற்றிலிருக்கும் சூடு அதற்குள் போகும். காற்று 5 டிகிரி என்றால் காயில் பூச்சியத்துக்கும் கீழே போய் நிற்கும். அப்புறம் என்ன, காற்றிலிருக்கும் ஈரம் அதன் தகடுகளில் பனியாக ஒட்டும். இதைத் தடுக்க முடியாது, அவ்வப்போது உருக்கத்தான் வேண்டும். அதற்காக மெஷினே, கேஸ் ஓடும் திசையை மாற்றும் நாலு வழி வால்வைத் திருப்பி, சில நிமிடம் குளிர் முறையில் ஓடி, வெளிக் காயிலைச் சுடவைத்துப் பனியைக் கரைத்துவிட்டு மறுபடி ஹீட்டிங்குக்கு வரும். இதற்கு டிஃப்ரொஸ்ட் என்று பெயர். கொழும்பிலோ நீர்கொழும்பிலோ வேலை பழகியவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட இதைப் பார்த்திருக்க மாட்டார். அங்கே விற்பது பெரும்பாலும் குளிர் மட்டும் தரும் மெஷின்கள்தான்.

முறைப்பாடும் நான் பார்க்காத கொப்பியும்

தைப்பொங்கலன்று காலை ஐயா போன் எடுத்தார். "ராத்திரி பத்து மணிக்கு நல்லாத்தான் சுடுது தம்பி. மூணு மணிக்கு மேல வெறும் காத்து. வெயில் வந்த பிறகு பழையபடி சரியாகுது" என்றார்.

அடுத்தநாள் பதினொரு மணிக்குப் போனேன். வெளியே 14 டிகிரி, அறைக்குள் 16. ஃபில்டரில் கொஞ்சம் தூசி இருந்தது, கழுவிப் போட்டேன். மெஷினை 24-இல் வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, காற்று வெளிவரும் இடத்தில் தெர்மாமீட்டர் பிடித்தேன். 43 டிகிரி. மின்னழுத்தம் 226 வோல்ட். வெளி யூனிட்டில் சத்தமில்லை, அதிர்வில்லை.

ஐயா ஒரு சிவப்பு அட்டைக் கொப்பியை நீட்டினார். தொழிற்சாலையில் மணிக்கொரு தடவை, காற்றின் ஈரத்தைக் காட்டும் வெட் பல்ப், ட்ரை பல்ப் தெர்மாமீட்டர்களைப் பார்த்து எழுதிப் பழகிய கை. இரவு முழுக்க எழுந்து எழுந்து அறையின் உஷ்ணத்தைக் குறித்து வைத்திருக்கிறார். நான் அதைக் கையில் வாங்கி, ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "சரிங்க ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் தெர்மாமீட்டர் 43 காட்டியிருக்கிறது, இனி கொப்பி எதற்கு என்ற நினைப்பு. "விடியக்காலம் குளிர் கூட, அதுதான் அப்படித் தெரியுது. கதவு ஜன்னலை நல்லா அடைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் பதிலில் பாதி உண்மை இருந்தது, அதுதான் ஆபத்து. பெட்டியில் எழுதியிருக்கும் 12,000 பிடியு என்பது குளிர்விக்கும் அளவு. சூடாக்கும் அளவைச் சோதனைச் சாலையில் வெளிக்காற்று 7 டிகிரியில் வைத்து அளப்பார்கள். வெளியே 2 டிகிரிக்கு இறங்கி ஈரமும் சேர்ந்தால் அந்த அளவு தன்பாட்டில் குறையும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாப் பக்கத்தில் காற்றும் மெலிசு, அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொண்டுபோகும் காற்றின் எடை குறைவு. ஆகவே விடியற்காலையில் சூடு கொஞ்சம் குறைந்தால் அது மெஷினின் குணம். ஆனால் ஐயா சொன்னது கொஞ்சக் குறைச்சலை இல்லை, வெறும் காற்று என்றார். அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

96 என்றொரு எண்

ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, மகன் கொழும்பிலிருந்து ஒருவரை அனுப்பியிருக்கிறார். அவர் யார், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. அவர் செய்ததை ஐயா கொப்பியில் எழுதி வைத்திருந்ததால் எனக்குத் தெரிய வந்தது.

பெரிய குழாய் வால்வில் அழுத்தம் பார்க்கும் கேஜைப் பூட்டி, மெஷினைக் குளிர் முறைக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். 96 பிஎஸ்ஐ. கொழும்பில் இந்தக் கேஸுக்கு அந்த இடத்தில் 120, 130 பார்த்துப் பழகிய கண் அவருடையது. "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி, முள் 125-க்கு வரும்வரை ஏற்றியிருக்கிறார்.

கேஸ் குறையவே இல்லை. கேஜ் காட்டும் அழுத்தம் கேஸின் அளவை நேராகச் சொல்வதில்லை, காயிலின் உஷ்ணத்தைத்தான் சொல்கிறது. ஆர்-410ஏ கேஸ் பூச்சியம் டிகிரியில் கொதிக்கும்போது 101 பிஎஸ்ஐ, 10 டிகிரியில் ஏறக்குறைய 142. கொழும்பில் அறை 30 டிகிரியில் கொதிக்கிறது, காயிலும் அதற்கேற்ப மேலே நிற்கும். கந்தப்பளையில் அறையே 16 டிகிரி. அந்தக் காற்றைக் குளிர்விக்கப் போனால் காயில் பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும், முள்ளும் நூறை ஒட்டித்தான் நிற்கும். 96 என்பது அங்கே நல்ல எண்.

கூடுதல் கேஸ் ஏறிய அன்றிரவிலிருந்து நிலைமை இன்னும் மோசம். முன்பு பத்து மணிக்காவது நன்றாகச் சுட்டது, இப்போது அதுவும் இல்லை. ஹீட்டிங்கில் உள் யூனிட்தான் கேஸைத் திரவமாக்கும் இடம். மிஞ்சிய கேஸ் அங்கே திரவமாகத் தேங்கி இடத்தை அடைத்துக்கொண்டது, அழுத்தம் எல்லையைத் தொட்டது, மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்பலகையான போர்ட், மெஷினைக் காப்பாற்றக் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்தது. காற்று 30 டிகிரிக்கு மேல் வரவில்லை. இதைக் கேட்டதும் கொழும்பு ஆள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: கம்ப்ரசர் வீக், மாற்ற வேண்டும்.

கம்ப்ரசர் விலை கேட்ட பிறகுதான் ஐயா மறுபடி என்னை அழைத்தார். குறை சொல்லவில்லை. "தம்பி, ஒரு நாளைக்கு விடியக்காலம் வந்து பாருங்களேன்" என்று மட்டும் சொன்னார். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அவரே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

விடியற்காலை நாலரை மணி

இந்த முறை முதலில் கொப்பியை வாசித்தேன். முந்தின நாள் மாலையே போய் வாங்கி வந்து, வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். பத்து மணிக்கு 20 டிகிரி. பன்னிரண்டுக்கு 20. ஒன்றரைக்கு 19. மூன்றுக்கு 17. நாலரைக்கு 14. ஆறரைக்கு 12. எட்டரைக்கு மறுபடி 17. இவையெல்லாம் கேஸ் ஏற்றுவதற்கு முந்தின இரவுகளின் கணக்கு. பழுதான பாகம் இப்படிப் படிப்படியாகக் குறையாது, ஒரேயடியாக விழும். இப்படிக் குறைவதென்றால் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வருகிறது.

உதவிக்கு வரும் பையனையும் ஏற்றிக்கொண்டு நாலு மணிக்கு பைக்கை எடுத்தேன். மேகமில்லாத தை மாதத்து இரவு. இப்படியான இரவில்தான் புல்லில் பனி உறையும், தேயிலைக் கொழுந்து கருகும். பாதையோரத்துத் தோட்டங்களில் சாக்கையும் தென்னோலையையும் போட்டு மூடியிருந்தார்கள். ஐயா வாசலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு டோர்ச்சோடு நின்றார். "ட்ரை பல்பும் வெட் பல்பும் ஒட்டிக்கிட்டு நிக்குது தம்பி. கொழுந்து வாடாத நாள்" என்றார். காற்று ஈரத்தால் நிறைந்து நிற்கிறது என்பதை அவர் சொல்லும் விதம் அது. அப்படிப்பட்ட நாளில் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்ட, அடியிலிருந்து சுடுகாற்று ஊத வேண்டிவரும்.

வெளி யூனிட்டின் பின்பக்கம் டோர்ச் அடித்தோம். தகடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைச் சுவர், சுண்ணாம்பு பூசின மாதிரி. விரல் தடிப்புக்குப் பனி. கீழே நாலு அங்குலத்துக்கு அது கண்ணாடிக் கட்டியாகவே இறுகியிருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் முன்னால் கை வைத்தால் காற்றில்லை. பையன் ஸ்குரூட்ரைவரை எடுத்துச் சுரண்டப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தத் தகடுகளுக்கு அடியில் ஓடும் குழாய் மெலிசு. ஒரு குத்துப் போதும்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டிஃப்ரொஸ்ட் வரவேயில்லை. இந்த மெஷினின் சர்விஸ் தாளின்படி, ஹீட்டிங் 45 நிமிடம் ஓடிய பிறகு வெளிக் காயில் −4 டிகிரிக்குக் கீழே இருந்தால் டிஃப்ரொஸ்ட் தொடங்க வேண்டும். காயில் 12 டிகிரிக்கு ஏறியதும் அல்லது பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்கள் மாறும், முறை ஒன்றுதான்.

கையாலேயே குளிர் முறைக்கு மாற்றினேன். இரண்டு நிமிடத்தில் பனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, அப்புறம் கட்டிகட்டியாக விழுந்தது. நிறுத்தியதும் யூனிட்டிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. ஜன்னலில் நின்ற அம்மா "ஐயையோ, புகையுது" என்று கத்திவிட்டார்.

"புகை இல்லம்மா, ஆவி. பனிக்காலத்துல இது ராத்திரிக்கு நாலஞ்சு தரம் வரணும். கடைசியா எப்ப பார்த்தீங்க?"

ஐயா யோசிக்கவே இல்லை. "போன வருசம் பார்த்தேன். எரிஞ்சுபோகுதோன்னு பயந்து உங்களுக்குப் போன்கூட எடுத்தேனே, பயப்படாதீங்க அது அப்படித்தான்னு சொன்னீங்க. இந்த வருசம் ஒருநாளும் வரல்ல."

அந்தப் போன் எனக்கு ஞாபகம் வந்தது.

கழன்று தொங்கிய கறுப்பு வயர்

யூனிட்டை நிறுத்தி, பிரேக்கரை இறக்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். வெளிக் காயிலின் உஷ்ணம் பார்க்கும் சென்சர், காயில் குழாயில் ஒட்டவைத்த ஒரு சின்னச் செப்புப் பைக்குள் செருகப்பட்டு, தகட்டு ஸ்பிரிங் ஒன்றால் இறுக்கப்பட்டு இருக்க வேண்டும். பை காலி. சென்சர் கறுப்பு வயரில் ஒரு சாண் கீழே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காயில் −8-க்குப் போனாலும் அதற்குத் தெரிவது பக்கத்துக் காற்று மட்டும்தான், இரண்டோ மூன்றோ டிகிரி. பனி பிடிக்கவில்லை என்று அது போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

மெஷின் ஏன் எரர் காட்டவில்லை என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. வயர் அறுந்தாலோ ஷோர்ட் ஆனாலோ போர்டுக்கு நம்ப முடியாத அளவு ஒன்று போகும், உடனே டிஸ்பிளேயில் எரர் வரும். இது நல்ல சென்சர், சொல்வதும் உண்மையான உஷ்ணம்தான், இடம்தான் பிழை. 3 டிகிரி என்பதை எந்தப் போர்டும் சந்தேகப்படாது.

இருந்தாலும் சென்சரையும் சோதித்துவிட வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். யூனிட்டுக்கு அடியில் விழுந்து கிடந்த பனிக்கட்டியையே ஒரு கிளாஸில் அள்ளி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சரை அதற்குள் இறக்கினோம். பனியும் தண்ணீரும் கலந்து நிற்கும்வரை அது பூச்சியம் டிகிரி. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை இது, பூச்சியத்தில் 32.6 இருக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. மீட்டர் மெல்ல ஏறி 32.4-இல் நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலவேளை 5 கிலோ ஓம் வகையும் வரும், தாளைப் பார்க்காமல் மீட்டரை மட்டும் நம்பி நல்ல சென்சரைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் சென்சரைக் கழற்றியது யார்? கொழும்பிலிருந்து வந்தவர் தகட்டைத் திறக்கவே இல்லை என்று ஐயா சொன்னார். நவம்பரில் பனிக்காலத்துக்கு முந்தின சர்விஸுக்கு வந்து, பிரஷர் பம்ப் அடித்துக் காயில் கழுவியது நான். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைப்பேன். போனில் தேடினேன். முதல் போட்டோவில் கறுப்பு வயர் வளைந்து செப்புப் பைக்குள் போகிறது. கழுவி முடித்த பிறகு எடுத்த போட்டோவில் அதே வயர் தொங்குகிறது. தண்ணீர் வேகம் படக்கூடாது என்று நான்தான் அதை வெளியே இழுத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன், திரும்ப வைக்கவில்லை. போட்டோ எடுத்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை.

கையில் இருந்த போனை ஐயாவிடமே காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரு சீசன்ல எங்க ட்ரையர் தெர்மாமீட்டரும் இப்படித்தான் கழண்டு வெளியில நின்னுச்சு. சூடு பத்தல்லன்னு அது காட்ட, நாங்க விறகைப் போட, ஒரு நாள் தேயிலை முழுக்கக் கருகிப்போச்சு. பெரிய துரை என்னைத்தான் கூப்பிட்டாரு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

கேஸை எடுத்தது, நிறுத்துப் போட்டது

சென்சரை இடத்தில் வைப்பது ஐந்து நிமிட வேலை. பழைய ஸ்பிரிங் கிடைக்கவில்லை, கடையில் கிடந்த பழைய யூனிட் ஒன்றிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தேன். தண்ணீர் வயரில் வழிந்து பைக்குள் இறங்காமல் இருக்க வயரை ஒரு வளைவு கீழே இறக்கிக் கட்டினேன்.

பெரிய வேலை கேஸ்தான். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முழுவதையும் வெளியே எடுத்து நிறுக்க வேண்டும். காற்றில் திறந்துவிட்டால் சீக்கிரம் முடியும், பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது என்பது சரி. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ கேஸ் இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமம். ரிக்கவரி மெஷினை வைத்துச் சிலிண்டருக்குள் இழுத்தோம். தராசு காட்டியது 1,235 கிராம். இருக்க வேண்டியது 980. ஆக 255 கிராம் அதிகம், கால் பங்குக்கும் மேலே.

அப்புறம் வாக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. இதில்தான் பையன் நன்றாக மாட்டிக்கொண்டான். பம்ப் அரைமணி நேரம் ஓடியும் கேஜின் முள் 24 அங்குலத்தைத் தாண்டவில்லை. "அண்ணே, 30 வரணும்னு வகுப்புல சொன்னாங்க. பம்ப் பழுது, இல்லாட்டி எங்கேயோ லீக்" என்றான். 30 என்பது கடற்கரைக் கணக்கு. அந்த முள் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். இந்த உயரத்தில் வெளிக்காற்றே கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். முழுவதையும் உறிஞ்சி எடுத்தாலும் 24-க்கு மேல் காட்ட இங்கே காற்றில்லை. லீக் தேடி ஒரு பகலை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், சொல்லப்போனால் ஒருகாலத்தில் நானும் அவர்களில் ஒருவன். உள்ளே மிஞ்சியிருக்கும் அழுத்தத்தை நேராக அளக்கும் மைக்ரோன் கேஜுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, மலையில் இருந்தாலும் மன்னாரில் இருந்தாலும் ஒரே அளவைக் காட்டும். அதைப் பூட்டினோம், 480 மைக்ரோன். பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தோம், பெரிதாக ஏறவில்லை.

புதுக் கேஸ் 980 கிராம், தராசில் வைத்து. ஆர்-410ஏ இரண்டு கேஸ் சரிபாதியாகக் கலந்தது. ஆவியாக விட்டால் கலவை மாறிவிடும், அதனால் சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாக விட வேண்டும். குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் இறங்கிக் கேஸ் சோம்பலாகத்தான் வரும். அம்மா அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு பானையைத் தூக்கி வந்துவிட்டார். "சுடுதண்ணி வேணாம்மா, கை வைக்கிற சூடு போதும்" என்று பச்சைத்தண்ணீர் கலந்து, வாளியில் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தோம். இதற்கு நெருப்புக் காட்டும் ஆட்களும் உண்டு. அவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

மிச்சமிருந்த சில்லறை வேலைகள்

மெஷின் சரியான பிறகும் அறையில் கால் குளிர்ந்தது, தலை சுட்டது. சூடான காற்று மேலே போய்ப் பலகை சீலிங்கில் தங்கிவிடுகிறது. உள் யூனிட்டும் அங்கேதான் இருக்கிறது, அறை சூடாகிவிட்டது என்று அது முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கும். காற்றை மறிக்கும் தகட்டை நேர் கீழே பார்க்க வைத்து, ஃபேனை ஓட்டோவிலிருந்து மீடியத்துக்கு மாற்றினேன். ஐயா ரிமோட்டில் 30 வைத்திருந்தார். 30 வைத்தால் சீக்கிரம் சுடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது முழு வேகத்தில் ஓடிப் பனியைச் சீக்கிரம் சேர்க்கும், அவ்வளவுதான். 22-இல் வைத்து இரவு முழுக்க விட்டுவிடச் சொன்னேன். அணைத்து அணைத்துப் போடுவதைவிட இன்வர்ட்டருக்கு அதுதான் ஒத்துவரும், கரண்டும் குறையும்.

ஹோலில் இருந்த நெருப்படுப்பின் புகைபோக்கி திறந்து கிடந்தது. சுட்ட காற்று அது வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அளவாக வெட்டிய பலகை ஒன்றைப் புகைபோக்கியின் வாயில் வைத்து அடைத்தோம். அடுப்பு மூட்டினால் பலகையை எடுக்காமல் மூட்டக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார் ஐயா. கரிச்சட்டி அனுபவம் இருக்கிறதல்லவா.

வெளி யூனிட் நாலு அங்குல உயரத்தில் இருந்தது. டிஃப்ரொஸ்ட் தண்ணீர் கீழே தேங்கி, மறுபடி உறைந்து, காயிலின் அடியைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் வடியும் அடித்தட்டின் ஓட்டைகளைச் சைப்பிரஸ் மரத்தின் சருகு அடைத்திருந்தது. ஓட்டைகளைச் சுத்தம் செய்து, கல் கட்டி ஒரு அடிக்கு உயர்த்தினோம்.

அம்மா இன்னொன்று கேட்டார். ஆனி, ஆடி மழையில் அலுமாரித் துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறதே, ரிமோட்டில் இருக்கும் ட்ரை முறையைப் போடலாமா என்று. போடலாம், ஆனால் அது ஈரத்தை எடுக்கும் சாக்கில் அறையையும் குளிராக்கும். 16 டிகிரி அறையை 14 ஆக்கினால் வீசிங்தான் கூடும். மலைநாட்டில் மழைக்காலத்துக்கும் ஹீட்டிங்தான் நல்லது. 20-இல் வைத்தால் காற்று சுட்டு ஈரம் தன்பாட்டில் குறைந்து தெரியும்.

நவம்பர் சர்விஸுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். புதுக் கேஸுக்கும் காசு வேண்டாம் என்றேன். கேஸுக்கு உரியதை ஐயா சட்டைப் பைக்குள் திணித்துவிட்டார், மற்றதை வாங்கிக்கொண்டார். இப்போது என் சர்விஸ் தாளில், கழுவல் வேலைக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருக்கிறது: சென்சர் பைக்குள் இருக்கிறதா, கையால் இழுத்துப் பார்த்தாயா. அதில் பையன் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.

நாலு நாள் கழித்து ஐயா கொப்பியின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பத்து மணி 21. ஒரு மணி 21. மூன்று மணி 20. ஆறரை 20. ஓரத்தில் சிவப்புப் பேனையால் தனியாக இரண்டு வரி:

"1.52 புகை. 1.58 நின்றது.
4.10 புகை. 4.17 நின்றது. அம்மா எழும்பவில்லை."